கைமாறும் இடம்

மறுபடியும் அதே இடத்தில் பள்ளம். கணினித் திரையில் ஒழுங்காக ஓடிவந்த கோடு நடுவழியில் குழிக்குள் விழுந்து எழுந்து போனது.

வீட்டிலேயே ஸ்பீக்கர் பெட்டி செய்கிறவன் அவன். தடித்த ஒலிக்குப் பெரிய ஸ்பீக்கர், மெல்லிய ஒலிக்குச் சின்னது. இரண்டுக்கும் ஒலியைப் பங்கு பிரிப்பது கிராஸ்ஓவர். ஒன்று விடும் இடத்தில் மற்றது தொட வேண்டும், தையல் தெரியக் கூடாது. அதன் செப்புக் கம்பிச் சுருளை மூன்று முறை அவிழ்த்துச் சுற்றியாயிற்று. பற்றவைத்த ஈயப் புகையில் தலை வலித்தது. போதாக்குறைக்கு, காலையில் வேலைக்குக் கிளம்பிய மனைவி, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சொல்லிவிட்டுப் போனது வேறு எரிந்துகொண்டிருந்தது.

பெட்டி எழுப்பும் சோதனை ஒலியை எதிரே வைத்த மைக் வாங்கித் திரையில் கோடாகப் போடும். அந்த மைக்குக்கு முன்னால் ஆள் நின்றாலும் கோடு இப்படி விழும். திரும்பினான். வாசற்படியில் எட்டு வயது மகள்.

"அளக்கும்போது குறுக்க வராதன்னு எத்தன தடவ சொல்றது?"

"நான் வரலப்பா. அவங்கதான் நிக்கிறாங்க."

பெட்டிக்கும் மைக்குக்கும் நடுவே விரல் நீட்டினாள். அங்கே வெறும் தரை. செய்வதையும் செய்துவிட்டுப் பொய் வேறு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போய்ப் பக்கத்து அறையில் தள்ளினான். அவள் அழவில்லை. அவன் முதுகுக்குப் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தும்போது ஈரக் குளிர் ஒன்று அவன் முழங்கையை உரசிக்கொண்டு உள்ளே போனது. கோபத்தில் அதை அவன் பொருட்படுத்தவில்லை. வெளித் தாழ்ப்பாளைப் போட்டான்.

திரும்ப அளந்தான். சோதனை ஒலி உறுமலில் தொடங்கி விசில் வரை ஏறி ஓய்ந்தது. கோடு மேசை விளிம்பு மாதிரி நேராக நின்றது.

"பாத்தியா? நீதான்!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினான்.

கத்தின வாய் மூடியபிறகுதான் உறைத்தது. அவள் வாசற்படியிலேதானே நின்றாள். மைக் பக்கம் வரவே இல்லையே. அப்படியானால், இங்கே நின்றது எங்கே போயிற்று?

உறுமல் கேட்டது. பெட்டியை நிறுத்தினான். நிற்கவில்லை. ஒயரைப் பிடுங்கினான். நிற்கவில்லை. கதவுக்குப் பின்னால்.

ஓடினான். பாவி, தன் கையாலேயே பூட்டியிருக்கிறான். தாழ்ப்பாள் நகரவில்லை.

உள்ளே யாரோ பேசினார்கள். அவன் சொன்ன அதே சொற்கள்.

"அளக்கும்போது..."

அடித்தொண்டை. ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. மெல்ல ஏறியது. ஏறிக்கொண்டே வந்தது.

"...குறுக்க வராத."

முடித்தது மகளின் கீச்சுக் குரல். ஒரே மூச்சு. அந்தக் குரல் விட்டது எங்கே, மகள் தொட்டது எங்கே? கதவில் காதை ஒட்டிக் கேட்டான்.

தையலே தெரியவில்லை.