இடதுபக்கம் இன்னொரு திரை

கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது அவள் கொண்டுவந்தது இரண்டு பெட்டித் துணியும் ஒரு புது லேப்டாப்பும்தான். கட்டட வரைபடம் போடுவது அவள் பிழைப்பு. லேப்டாப் அப்பளம் மாதிரி மெலிசு, பார்க்க அழகுதான். ஆனால் அந்தச் சின்னத் திரையில் மாடி வீட்டை வரைவது சாவித் துவாரம் வழியாகத் தெருவைப் பார்ப்பது போலிருந்தது.

வீடு பழசு. கூடத்துக்கு ஒரே ஒரு ஜன்னல், பகலிலும் விளக்குப் போட வேண்டும். மழைக்காலமாதலால் சுவரெல்லாம் ஈரம் ஊறிக் கிடந்தது. எந்த அறையில் நின்றாலும், பக்கத்து அறையில் யாரோ இப்போதுதான் பேச்சை நிறுத்திவிட்டது போல ஓர் அமைதி.

லாரி ஓட்டும் கணவன் பாதி நாள் வெளியூரில் இருந்தான். அவனுடைய முதல் மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. அவள் விட்டுப்போன ஐந்து வயதுப் பெண் குழந்தையைச் சிட்டு என்று கூப்பிட்டார்கள்.

சிட்டு அழுது அடம்பிடித்திருந்தால்கூட அவள் சமாளித்திருப்பாள். குழந்தை அதெல்லாம் செய்யவில்லை. போட்டதைச் சாப்பிட்டது, சொன்னால் குளித்தது. ஆனால் அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. அம்மா என்றும் இல்லை, சித்தி என்றும் இல்லை. தாகம் எடுத்தால் டம்ளரைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் நிற்கும். அவள் அதை நிரப்பிக் கொடுத்துவிட்டுக் குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். பெற்றவளின் இடத்தைப் பிடிக்க அவள் வரவில்லை. ஒரே ஒரு தடவை கூப்பிட்டால் போதும் என்றிருந்தாள்.

"பெரிய ஸ்கிரீன் வேணும்னா பரண் மேல பழைய மானிட்டர் ஒண்ணு கிடக்கு பாரு" என்றான் கணவன் போனில். "அவ வீட்ல இருந்தே டைப் அடிக்கிற வேலைக்கு வெச்சிருந்தது." பிறகு அவசரமாக லாரி டயரைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

இறக்குவதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. மானிட்டரோடு தடித்த கேபிள் ஒன்று தொங்கியது. நீலத் தலை, உள்ளே வரிசை வரிசையாக ஊசிகள், இருபக்கமும் திருகு. ஒரு திருகில் நீளமான தலைமுடி சுற்றிக்கொண்டிருந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினாள்.

லேப்டாப்பில் அந்த நீலத் தலை நுழைய இடமே இல்லை. அதில் இருந்தவை நெல்மணி நுழையுமா என்று யோசிக்க வைக்கும் இரண்டு துளைகள். கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் தன் தம்பியைப் போனில் பிடித்தாள்.

"ஒரு அடாப்டர் பத்தாதுக்கா. ரெண்டு வேணும். லேப்டாப்லேர்ந்து ஹெச்டிஎம்ஐக்கு ஒண்ணு, அங்கேர்ந்து நீலத் தலைக்கு ஒண்ணு. மானிட்டர் பழைய காலத்து ஆளு, இது பேசுற பாஷை அதுக்குப் புரியாது. நடுவுல மொழிபெயர்க்க ஆள் வேணும்ல? ரெண்டாவதுல மெலிசா ஒரு வயர் தொங்கும், அதுக்குத் தனியா கரண்ட் குடு. இல்லேன்னா மூஞ்சியக் காட்டாது."

கடைப் பையனிடம் இரண்டையும் கொடுத்தனுப்பினான். மறுநாள் மத்தியானம் ஒன்றன் வாலில் ஒன்றாகச் சொருகினாள். மானிட்டர் இரண்டு தடவை கண் சிமிட்டிவிட்டு, மஞ்சள் பாய்ந்த வெளிச்சத்தோடு எழுந்தது. உள்ளே தூசி சூடாகும் வாசனை. அதோடு சேர்ந்து, முகத்துக்குப் பூசும் பவுடர் வாசனை.

திரைகளின் அடுக்கைக் காட்டும் பக்கத்தைத் திறந்தாள். திரைக்கு ஒரு கட்டம். நடுவில் 1, அது லேப்டாப். வலதுபக்கம் 2, அது மானிட்டர்; ஒரு திரையின் விளிம்பைத் தாண்டித் தள்ளுவது அடுத்த திரையில் போய் நிற்கும்.

இடதுபக்கம் 3.

திரும்பிப் பார்த்தாள். மேஜை விளிம்பும் ஈரச் சுவரும்தான் இருந்தன.

"மலிவு அடாப்டர் அப்படித்தான்க்கா" என்று தம்பி சிரித்தான். "இல்லாத ஸ்கிரீனை இருக்குன்னு சத்தியம் பண்ணும். கண்டுக்காத."

அவள் கண்டுகொள்ளவில்லை. அந்த நேரம் பார்த்து சிட்டு வாசற்படியில் வந்து நின்றது. மூக்கை உறிஞ்சி வாசனை பிடித்தது. பிறகு தானாகவே பக்கத்து நாற்காலியில் ஏறி, அவளை ஒட்டி உட்கார்ந்தது.

"வரையணும்" என்றது.

அவளிடம் அது பேசிய முதல் வார்த்தை. வேலையாவது ஒன்றாவது என்று படம் வரையும் பக்கத்தைத் திறந்து, மவுஸைக் கையில் கொடுத்தாள். பின்னால் உட்கார்ந்து துணி மடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை ஒரு வீடு வரைந்தது. வாசலில் கவுன் போட்ட ஒரு சிறுமி. பிறகு அந்தப் பக்கத்தை அப்படியே பிடித்து இடதுபக்கம் தள்ளியது. விளிம்பைத் தாண்டிப் படம் மறைந்தது.

சிட்டு மவுஸை விட்டுவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி காத்திருந்தது.

படம் திரும்பி வந்தது.

தானாக, மெதுவாக, இடது விளிம்பிலிருந்து நகர்ந்து வந்தது. வீட்டுக்குள்ளே இப்போது ஒரு பெண் நின்றாள். கூந்தல் இடுப்புக்குக் கீழே தொங்கியது.

சிட்டு கைகொட்டிச் சிரித்தது.

"யாரும்மா வரைஞ்சது?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"அம்மா" என்றது குழந்தை, சுவரைக் காட்டி.

அப்போதே கேபிளைப் பிடுங்கிப் பரணில் எறிந்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் கேட்காத சிரிப்பு அது. அதைப் பறிக்கிற கை தன்னுடையதாக இருக்க வேண்டாம் என்று நினைத்தாள். பயத்தை விழுங்கிக்கொண்டு மறுநாளும் மானிட்டரைப் போட்டாள். அதற்கு மறுநாளும்.

ஒவ்வொரு மத்தியானமும் படம் போய்ப் போய் வந்தது. ஒருநாள் வீட்டின் கதவு திறந்திருந்தது. அடுத்த நாள் கவுன் போட்ட சிறுமி படியில் ஏறியிருந்தாள். உள்ளே இருந்தவளின் கை வாசல்வரை நீண்டிருந்தது. வரைபடம் போடுகிறவளுக்கு அளவு பிசகினால் உடனே தெரியும். அந்தக் கை உடம்பைவிட நீளமாக இருந்தது.

சிட்டு சாப்பாட்டைப் பாதியில் விட ஆரம்பித்தது. சுவரோரம் போய் நின்று கிசுகிசுத்தது. தொட்டால் கை ஜில்லென்றிருந்தது. 'இன்றோடு சரி, நாளைக்கு எடுத்துவிடுவேன்' என்று தீர்மானித்துக்கொண்டு, அவள் பால் காய்ச்ச அடுப்படிக்குப் போனாள்.

வெளியே மழை வலுத்தது. கூடத்தில் சத்தமே இல்லை.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் அப்படி ஓர் அமைதி வரக் கூடாது.

ஓடி வந்தாள். சிட்டு மேஜைமேல் தலை சாய்த்துக் கிடந்தது. கண் பாதி திறந்திருந்தது. உலுக்கினாள், கன்னத்தைத் தட்டினாள், கத்தினாள். மூச்சு இருக்கிறதா என்று தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடலாம் என்று வாரித் தூக்கினாள்.

குழந்தைக்குக் கனமே இல்லை.

துவைத்துக் காயப்போட்ட கவுனைத் தூக்கியது போல இருந்தது. எந்த டாக்டராலும் ஆகாது என்று அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

லேப்டாப் திரை காலியாக இருந்தது. படம் இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இடது விளிம்பிலிருந்து அதன் ஓரம் மட்டும் எட்டிப் பார்த்தது. வீட்டின் கதவு சாத்தியிருந்தது. ஜன்னலில் இரண்டு முகங்கள்.

மறுபடி உள்ளே போய்விட்டது.

குழந்தையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு தம்பியைக் கூப்பிட்டாள். "டேய், சிட்டு வரைஞ்ச படம் அந்தப் பக்கம் போயிடுச்சுடா. திரும்பி வரமாட்டேங்குது."

"அதுக்கு எதுக்குக்கா அழற? கேபிளைப் பிடுங்கு. அந்த ஸ்கிரீனே இல்லேன்னு ஆயிடும். அதுல இருந்ததெல்லாம் லேப்டாப்புக்கு வந்துடும்."

"எல்லாமா?"

"எல்லாம்தான். வேணுங்கிறதை மட்டும் எடுத்துக்கிற வசதியெல்லாம் கிடையாது."

போன் கையிலிருந்து நழுவியது. கேபிளைப் பிடித்தாள். இடதுபக்கம் காதோரத்தில் பவுடர் வாசனையோடு ஒரு மூச்சு பட்டது. பிடுங்காவிட்டால் குழந்தை அங்கே. பிடுங்கினால் பெற்றவளும் இங்கே. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவளுக்கே ஆத்திரம் வந்தது.

அவள் சுவரைப் பார்க்காமலே பேசினாள்.

"அக்கா, நீங்களும் வந்துடுங்க. இது உங்க வீடு, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். புள்ளைய அங்க வெச்சுக்காதீங்க."

பிடுங்கினாள்.

மானிட்டர் அணைந்தது. லேப்டாப் ஒரு கணம் கறுத்து, மறுபடி விழித்தது. அந்தப் பக்கம் போயிருந்ததெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. எல்லாவற்றுக்கும் மேலே சிட்டுவின் படம். வீட்டின் கதவு மலரத் திறந்திருந்தது. வாசலில் யாரும் இல்லை, ஜன்னலிலும் யாரும் இல்லை.

அவள் கை திடீரென்று கனத்தது. சிட்டு நீரில் மூழ்கி எழுந்தது போல மூச்சை இழுத்தது. உடம்பில் சூடு ஏறியது. கண்ணைத் திறந்து அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது.

"சித்தி" என்றது.

அவ்வளவுதான், அவள் உடைந்துபோனாள். தரையில் அப்படியே உட்கார்ந்து, குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். சிட்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. இரண்டு கைகளும் அவள் பிடரியில் கோத்திருந்தன. அதன் முகவாய் அவள் தோளில் பதிந்திருந்தது.

தோளுக்குப் பின்னால் பார்த்துக் குழந்தை சொன்னது.

"அம்மா, சித்தி அழறாங்க."

குளிர்ந்த ஒரு விரல் அவள் கண்ணீரைத் துடைத்தது.