வந்து சேர்ந்த நேரம்

திரையில் வந்து விழுந்த செய்தியின் நேரம் 4:52 என்றிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு ஐந்துதான்.

ஞாயிறு சாயங்காலம், மும்பை செம்பூர் அலுவலகத்தில் ஞானசீலனைத் தவிர யாரும் இல்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே காவலாளி அப்ரார் ஸ்டூலில் உட்கார்ந்து போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். மழை ஜன்னலில் விடாமல் இரைந்தது. டிராம்பே எண்ணெய் ஆலைகள் பக்கத்திலிருந்து எப்போதும் வரும் எண்ணெய் வாடை இன்று தூக்கலாக, அறைக்குள்ளேயே எங்கோ கசிவதுபோல அடித்தது.

4:52. அந்த நேரத்தை அவனால் மறக்க முடியாது.

நிறுவனத்தின் புரோகிராம்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் பொதுவான கோடை, லைப்ரரி என்பார்கள், எழுதுவது அவன் வேலை. ஒரு செய்தி வந்து சேர்ந்த நேரத்தைப் பழைய கணினிகள் சின்ன எண்ணாகத் தந்தன. புதிய புரோகிராம்கள் பெரிய எண்ணாகக் கேட்டன. நடுவில் இவன் மாற்றிக் கொடுக்க வேண்டும். பெரிய எண்ணை வைக்க இடம் போதாவிட்டால், போதவில்லை என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் சில பழைய புரோகிராம்கள் நின்றுபோகும். பழசு எதுவும் நிற்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் வேதம். அதனால் இடம் போதாதபோது, புரோகிராம் செய்தியைப் படித்த நேரத்தையே வந்த நேரமாகச் சத்தமில்லாமல் எழுதிவைத்தான். அன்றைக்குத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டான்.

போன மாதம், தாராவியில் அவன் சந்திலேயே குடியிருந்த பூலோகம் எண்ணெய் டேங்க் கழுவ இறங்கினான். இடுப்பிலிருந்த சென்சார் 4:10க்கே விஷவாயு என்று செய்தி அனுப்பியது. கட்டுப்பாட்டு அறையில் இவன் நிறுவனத்தின் புரோகிராம் முடங்கிக் கிடந்து, 4:52க்குத்தான் அதைப் படித்தது. பதிவில் 4:52 மட்டுமே மிஞ்சியது. 4:52 வரை சென்சாரை அணைத்து வைத்திருந்தது செத்துப்போன பூலோகம்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"அவிய அத அணைச்சிருக்க மாட்டாவண்ணே. ரொம்பப் பயந்த ஆளு," என்றாள் பூலோகத்தின் மனைவி கலைச்செல்வி. ஞானசீலன் தலையை மட்டும் ஆட்டினான். கோழை.

இன்று அந்தக் கோளாறைச் சோதனைக் கணினியில் ஓட்டிப் பார்க்கத்தான் வந்திருந்தான். சந்தேகமே இல்லை, தப்பு அவனுடையது.

போன் அடித்தது. மேலாளர் வெங்கடராமன்.

"செத்தவனே சென்சார அணைச்சுட்டான்ங்கற ரிப்போர்ட்ல கையெழுத்து போட்டாச்சோ?"

"சார், தப்பு என் கோட்லதான். சென்சார் ஆன்லதான் இருந்திருக்கு."

"இப்போ எதுக்கு அதெல்லாம்? போனவன் திரும்பி வரப்போறானா? பேசாம போட்டுட்டு ஆத்துக்குப் போங்கோ."

போட்டான். செத்தவனை இன்னொரு முறை கொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை. மணி 4:10.

திரையில் வரிகள் இறங்க ஆரம்பித்தன. சென்சார் 17, வாயு 40. வந்த நேரம் 4:52. சென்சார் 17, வாயு 65. வந்த நேரம் 4:52.

பதினேழு பூலோகத்தின் சென்சார். விசாரணைக்காக வந்து, அது அவன் மேசைமேல், அரக்கு முத்திரை வைத்த பையில், பேட்டரி கழற்றப்பட்டுக் கிடந்தது. ஞானசீலன் சோதனைக் கணினியின் கேபிளைப் பிடுங்கினான். வரிகள் நிற்கவில்லை.

வாயு 80. தொண்டை எரிந்தது. கண்ணில் நீர்.

கதவை இழுத்தான். திறக்கவில்லை. கத்தினான். ஐந்தடி தள்ளி அப்ரார் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

போனில் அப்ராருக்குச் செய்தி தட்டினான். கதவைத் திற. செய்தி போய்விட்டது. பக்கத்திலேயே அது போய்ச் சேர்ந்த நேரம் விழுந்தது. 4:52.

கடிகாரத்தில் 4:13.

வாயு 100.

இரண்டு கைகளாலும் கண்ணாடியை அறைந்தான். சத்தமே எழவில்லை. மறுபடி அறைந்தான். அவன் கைகளுக்குப் பக்கத்தில், கண்ணாடியின் இந்தப் புறத்தில், எண்ணெய் வழியும் இன்னும் இரண்டு உள்ளங்கைகள் கூடவே அறைந்துகொண்டிருந்தன.