பாலத்தடிப் பள்ளம்

"அந்தாளைத் தெருவுல நிக்க வைக்கணும் சார். அதுக்கு வழி சொல்லுங்க."

வந்து உட்கார்ந்ததும் உட்காராததுமாக அந்த அக்காக்காரி கேட்டது இதுதான். ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் பதறவில்லை. அவருடைய மைத்துனன்தான், "யாருங்க அது?" என்று நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். வீட்டில் அவனுக்கு அவசரக்குடுக்கை என்றே பெயர்.

"நதி ஆய்வகத்துச் சீஃப்."

அவள் தம்பி அங்கே கம்ப்யூட்டரில் ஆற்றை ஓட்டிப் பார்த்தவன். மணல் எங்கே சேருகிறது, எங்கே அரிக்கிறது, மழை கொட்டினால் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே சொல்வது அவன் வேலை. போன மாதம் வெள்ளம் கரையைத் தாண்டியது. கரையோரத் தெருவில் வீடு வீடாகக் கதவைத் தட்டப் போனவன், திரும்பவில்லை. "கரை தாண்டாதுன்னு அவன்தான் சொன்னான்" என்று சீஃப் பழியைத் தூக்கி அவன்மேல் போட்டுவிட்டார். தெருவே இப்போது அவள் வாசலில் மண்ணை வாரித் தூற்றுகிறது.

"செத்தவன் எழுந்து வந்து இல்லைன்னா சொல்லப் போறான்? வயிறு எரியுது சார்."

"தாண்டாதுன்னு சொன்னவன் எதுக்குக் கதவைத் தட்டினான்?" என்று துள்ளினான் மைத்துனன்.

"நல்ல கேள்விதான் மாப்ளே. ஆனா சாட்சி ஆகாது. வாங்கம்மா, போய்ப் பாப்போம்."

போகிற வழியில் பாலம் மூடிக் கிடந்தது. வற்றிய ஆற்றில், நடுத்தூணின் காலடியில் ஒரு பெரிய பள்ளம் வாயைப் பிளந்திருந்தது. இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆய்வகத்தில் சீஃப் அலட்டிக்கொள்ளாமல் திரையில் படத்தைப் போட்டார். "வெள்ளத்துக்கு முந்தின வாரம் அவன் ஓட்டினது. தேதி இருக்கு பாருங்க. தண்ணி கரைக்குக் கீழேயே நிக்குது."

"அடியில ஓடுற கோடு?"

"ஆத்தோட தரை சார்."

"பாலத்துக்கிட்ட குழியாத் தெரியுதே?"

"தூணடிப் பள்ளம். வெள்ளம் தோண்டினது. அதுக்கு முன்னாடி அங்க மணல் மேடுதான்..."

"வெள்ளம் தோண்டின பள்ளம், வெள்ளத்துக்கு முந்தின வாரமே இவங்க தம்பிக்கு எப்படித் தெரிஞ்சுது?" இன்ஸ்பெக்டர் குரலை உயர்த்தவே இல்லை. "மணல் மேடு இருந்த தரையை வெச்சு எத்தனை தடவை ஓட்டினாலும் தண்ணி கரையைத் தாண்டியிருக்கும். அதான், வெள்ளம் மணலை வாரிட்டுப் போனப்புறம் அளந்த தரையைப் போட்டு நீங்களே ஓட்டியிருக்கீங்க. தேதியை மாத்தினீங்க. பள்ளத்தை மறந்துட்டீங்க."

சீஃப் திரையை அணைத்தார். "போன வருஷம் தெருவைக் காலி பண்ணச் சொன்னேன். தண்ணி வரலை, ஊரே சிரிச்சுது. இந்தத் தடவை கரை தாண்டும், காலி பண்ணச் சொல்லுங்கன்னு அவன் வந்து கெஞ்சினான். பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்."

பாவி! கெஞ்சினானாம். அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

மைத்துனன் போலீசைக் கூப்பிடப் போனை எடுத்தான். அவள் தடுத்தாள். "அவங்க அந்தத் தெருவுக்கே வரட்டும்."

கரையோரத் தெருவின் முதல் வீட்டு வாசலில் சீஃப் நின்றார். ஒரு பக்கம் இன்ஸ்பெக்டர், மறுபக்கம் அவள். அவருக்குக் கை எழவில்லை.

"என் தம்பி தட்டின கதவுதான் இது. நீங்க பண்ணினதை உங்க வாயாலயே சொல்லுங்க," என்றாள். "தட்டுங்க. ஒரு வீடு விடக் கூடாது."