ஒரு புத்தகம் பாக்கி

அடைக்கப்பர் வீட்டுச் சடங்கில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அங்கே இல்லாதவர்கள்தான் இன்று அதிகம் பேசுகிறார்கள். இறந்துபோன அடைக்கப்பரின் மகள் உமையாள், மகன் சாத்தப்பன், மருமகள் சிகப்பி, பங்காளி முத்துக்கருப்பர், குடியேற்றச் சபையிலிருந்து வந்த அலுவலர் ரெஜினா. இவர்களைத் தவிர, வெள்ளித் தட்டில் வைத்திருந்த அடைக்கப்பரின் மோதிரம். உமையாளின் காதில் கிடந்த தோடு. நடந்ததை முழுக்க அறிந்தவை அந்த இரண்டும்தான். ஆகவே அவற்றையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

செவ்வாயின் தென்துருவக் குடியேற்றத்தில் ஒருவர் இறந்துவிட்டால் அவருடைய கருவிகள் உடனே ஓய்ந்துவிடுவதில்லை. மூச்சுக்காற்றுக்குப் பணம் கட்டும். உறவினரின் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லும். ஊரில் நோயுற்றவர்களை நலம் விசாரிக்கும். குடும்பத்தார் கூடி உட்கார்ந்து, பாக்கி வேலைகளைக் கருவி ஒவ்வொன்றாகச் சொல்லக் கேட்டு, பிள்ளைகளில் ஒருவர் "போதும், இறக்கிக்கொள்" என்று சொன்ன பிறகுதான் அது அடங்கும். இதற்குப் பணியிறக்கம் என்று பெயர். சாம்பலைக் கரைக்க ஆறில்லாத ஊரில் அதுவே கடைசிச் சடங்கு.

அடைக்கப்பரின் வீடு துருவப் பனியை வெட்டி நீராக்கி விற்ற வீடு. அந்த வீட்டு நீர் அளவு குறைந்தது என்றோ, அந்த வீட்டார் சொன்ன சொல் மாறினார்கள் என்றோ குடியேற்றத்தில் ஒருவரும் சொன்னதில்லை. அப்படிப்பட்ட வீட்டின் மூத்த மகள் வணிகத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, கதை எழுதப் போகிறேன் என்று சனியின் துணைக்கோளான டைட்டனுக்குக் கப்பலேறினாள். வழியனுப்ப அடைக்கப்பர் போனார். போகாமல் இருந்திருந்தால் ஊர் பேசியிருக்கும்.

கப்பல் வாசலில் அவர் சொன்னது இது.

"எழுதிச் சும்மா குடுத்துட்டுத் திரியிறது நம்ம வீட்டு வழக்கமில்ல. வெல போட்டு வித்துக் காட்டு. நானே காசு குடுத்து வாங்குறேன். ஓசியில வந்தா தொடமாட்டேன்."

உமையாள் பதில் சொன்னாள்.

"பெத்தவுககிட்டக் காசு வாங்குறதுக்கு நான் கடை போடல அப்பச்சி. ஒங்களுக்கு மட்டும் எப்பவும் சும்மாதான்."

இருவரும் சொன்னதைச் செய்கிறவர்கள்.

அந்தக் காலத்தில் நூலை எழுதுபவர்கள் இருந்தார்கள். விற்பவர்கள் இல்லை. எழுதியவருக்குத் தருவான் என்றொரு கருவி இருந்தது. அது விலையைப் பெற்று, நூலை வாசகர் கண்ணில் அணிந்து படிக்கும் விழிவில்லைக்குள் சேர்த்து, நன்றி சொல்லி, பிடித்திருந்தால் இரண்டு வரி எழுதும்படி கேட்டுக்கொள்ளும். வாங்குபவருக்குப் பெறுவான். அது ஊரில் வெளியாகும் நூல்களைத் தேடி விலை கொடுத்து வாங்கி, கேட்ட அந்த இரண்டு வரியையும் தானே எழுதிவிடும். உமையாளின் தருவான் அவள் தோட்டில் இருந்தது. அடைக்கப்பரின் பெறுவான் அவர் மோதிரத்தில் இருந்தது.

தந்தைக்கு உடல்நிலை மோசம் என்று கேட்டுத்தான் உமையாள் டைட்டனிலிருந்து புறப்பட்டாள். சனிக்கும் செவ்வாய்க்கும் இடையிலுள்ள தூரம் யாருக்காகவும் குறைவதில்லை. அவள் வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. பணியிறக்கத்தை மட்டும் அவளுக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள்.

மோதிரம் சொல்லத் தொடங்கியது. காற்றுக் கட்டணம் கட்டியாயிற்று. பனிவெட்டிகளின் காப்பீடு புதுப்பித்தாயிற்று. வெளியான நூல்கள் எல்லாவற்றையும் வாங்கி, எல்லாவற்றுக்கும் பாராட்டு எழுதியாயிற்று.

முத்துக்கருப்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரும் தம் பனி வணிக அனுபவங்களை ஒரு நூலாக எழுதியிருந்தார். அடைக்கப்பர் அதைப் பாராட்டி எழுதியதை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் படித்துக் காட்டுவது அவர் வழக்கம்.

"எம் புத்தகத்துக்கு அண்ணன் எழுதுனாகளே, 'ரசித்தேன், நெஞ்சம் நிறைந்தது'ன்னு?"

"எழுதியது நான்" என்றது மோதிரம்.

"நீயாச்சும் படிச்சியா?"

"இல்லை. படிக்கும்படி எனக்கு உத்தரவில்லை. தங்கள் தருவானும் எழுதத்தான் சொன்னது. படிக்கச் சொல்லவில்லை."

சாத்தப்பன் தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பை அடக்கினான் என்று ரெஜினா பிறகு சொன்னாள். இருக்கலாம். சாவு வீட்டிலும் சிரிப்பு வரும்.

"இனிப் பாக்கி உள்ளது ஒன்றே ஒன்று" என்று மோதிரம் தொடர்ந்தது. "நூலின் பெயர் 'பனி வெட்டியவர்'. எழுதியவர் உமையாள். வாங்க முயன்றுகொண்டிருக்கிறேன்."

உமையாளின் கை தன் தோட்டுக்குப் போனது. அந்த நூல் வெளியாகி நெடுநாள் ஆயிற்று. டைட்டனில் அதை வாங்காத வீடில்லை. அவளுடைய தருவானுக்கு வந்த பாராட்டுகள் குவிந்துகிடந்தன. அவள் அவற்றில் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். அது வரவேயில்லை.

"இன்னும் ஏன் வாங்கல?" என்று கேட்டாள். இந்தக் கேள்வியை ஒருவர் கேட்டது அதுவே முதல் முறை.

மோதிரம் சொன்னது. நூல் வெளியான நாள் முதல் தினமும் காலையில் அது விலையை நீட்டியது. தினமும் காலையில் உமையாளின் தருவான் விலையை மறுத்து நூலை இலவசமாக நீட்டியது. இலவசமானதைப் பெற மோதிரத்துக்கு அனுமதியில்லை. தந்தையிடம் விலை பெறத் தோட்டுக்கு அனுமதியில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று வணக்கம் சொல்லி, மறுநாள் பார்க்கலாம் என்று பிரியும். மறுநாள் பார்க்கும். அன்று காலை, இரண்டும் ஒரே கூடத்தில் இருந்தபோதும், அதுவே நடந்தது.

"சாப்பாட்டுக் கடையில பில்லுக்கு மல்லுக்கட்டுற மாதிரியில்ல இருக்கு" என்றார் முத்துக்கருப்பர். சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டதோ என்னவோ, மேல்துண்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"இத அப்பச்சிகிட்டச் சொன்னியா?" என்று உமையாள் மோதிரத்திடம் கேட்டாள்.

"தினமும் 'வந்துச்சா' என்று கேட்டார். 'இன்னும் இல்லை' என்று சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை."

உமையாள் தன் தோட்டிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. அவளும் தினமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தாள். "வாங்கிட்டாகளா?" என்பாள். "இன்னும் இல்லை" என்று பதில் வரும். காசு கொடுத்து வாங்குவேன் என்று சொன்னவர், சும்மா கொடுத்தும் தொடவில்லை என்று அவள் நினைத்தாள். ஊருக்கெல்லாம் விற்கிறவள் பெற்றவனுக்கு ஒரு பிரதி விற்கவில்லை என்று அவர் நினைத்தார். டைட்டனுக்குப் பேசும் வசதி அந்த வீட்டில் இருந்தது. முதலில் பேசுகிறவர் யார் என்பதுதான் இருவருக்கும் தெரியவில்லை.

சிகப்பி அப்போது உள்ளே போய் ஒரு சிறு டப்பாவைக் கொண்டுவந்து நாத்தனாரின் மடியில் வைத்தாள். கண்ணாடி போன்ற மெல்லிய விழிவில்லைகள் இரண்டு அதற்குள் நீரில் மிதந்தன.

"மாமாவுக்குக் கண்ணுல புரை விழுந்திருச்சு ஆச்சி. எழுத்துப் பெருசாத் தெரியிற வில்லையா வேணும்னு சொல்லிச் செய்ய வச்சாக. காலையில அதப் போட்டுக்கிட்டு வெறுஞ்சுவரப் பாத்து ஒக்காந்திருப்பாக. சுவத்துல படம் கிடம் இருந்தா எழுத்து மறையும்னு எல்லாத்தையும் கழட்டச் சொல்லிட்டாக. காப்பி ஆறிப்போகும். வேற எதையும் அதுல படிக்கல."

கூடத்தின் கிழக்குச் சுவரில் படங்கள் மாட்டியிருந்த இடங்கள் வெளுப்பாகத் தெரிந்தன. உமையாள் வந்ததிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தன் படத்தைக் கழற்றிவிட்டார்கள் என்று நினைத்திருந்தாள்.

அவள் தோட்டைத் தொட்டு, "வெலைய வாங்கிக்க" என்றாள்.

இரண்டு சொல்தான். எந்தக் காலையிலும் சொல்லியிருக்கக்கூடிய சொல். மோதிரத்தில் சிறு பச்சை ஒளி வந்தது. டப்பாவுக்குள், நீருக்கடியில், இரண்டு வில்லைகளிலும் எழுத்துகள் ஓடத் தொடங்கின. பார்க்க விழி இல்லாததால் அவை முதல் பக்கத்திலேயே நின்றன. அந்தப் பக்கத்தில் 'அப்பச்சிக்கு' என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது.

உமையாளின் தருவான் தன் வழக்கப்படி பேசியது. "வாங்கியதற்கு நன்றி. நூல் பிடித்திருந்தால் இரண்டு வரி எழுதுங்கள்."

எல்லாரும் மோதிரத்தைப் பார்த்தார்கள். அது எழுதினாலும் பொய்யாகத்தான் இருக்கும் என்று அந்தக் கூடத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். சற்று முன்தான் முத்துக்கருப்பர் தம்முடைய பொய்யை இழந்திருந்தார். ஆனாலும் அவரே தட்டின் பக்கம் சாய்ந்து, "எழுதுப்பா, புள்ள காத்துக்கிட்டிருக்கு" என்றார்.

மோதிரத்தின் பச்சை ஒளி அப்படியே இருந்தது.

"எல்லாருக்கும் எழுதுவியே" என்றாள் உமையாள். "அதையே எழுது. ரசித்தேன், நெஞ்சம் நிறைந்ததுன்னு. அது போதும் எனக்கு."

"இந்த ஒரு நூலுக்கு மட்டும் எழுத எனக்கு அனுமதியில்லை" என்றது மோதிரம். "படித்துவிட்டுத் தாமே சொல்வதாக ஐயா சொல்லியிருந்தார்."

சபையின் விதிப்படி ரெஜினா சடங்கை முடித்தாக வேண்டும். இறக்கச் சொல்கிறீர்களா என்று அவள் பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டாள். சாத்தப்பன் தமக்கையைப் பார்த்தான். உமையாள் டப்பாவை மூடிக்கொண்டு, வெறுஞ்சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவன்தான் சொன்னான். மோதிரத்தின் ஒளி அணைந்தது.

உமையாள் டைட்டனுக்குத் திரும்பிவிட்டாள். அவளுடைய தருவான் இன்றும் விற்கிறது. பாராட்டுகள் வருகின்றன. அவள் அவற்றைத் திறப்பதில்லை.

கருவி பழுதாகிவிட்டது, அதனால்தான் நூல் உரிய காலத்தில் வந்து சேரவில்லை என்று இப்போது குடியேற்றத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. முத்துக்கருப்பர்தான் தொடங்கி வைத்தார். இறந்தவரின் பெயரும் இருக்கிறவளின் பெயரும் கெடக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கிறார். ஆனால் அது உண்மையில்லை. மோதிரத்தையும் தோட்டையும் சபை சோதித்துப் பார்த்தது. இரண்டிலும் ஒரு பழுதும் இல்லை. அடைக்கப்பர் இருந்தவரை அந்த வீட்டில் சொன்ன சொல் எதுவும் தவறவில்லை.