இரீனாவைக் காப்பாற்ற வந்தவன்

மழைக்கு ஒதுங்கியவன் மழையைத்தான் பார்த்திருக்க வேண்டும். லூகாஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் போனைப் பார்த்தான்... அங்கேதான் வினை.

செகிஞ்சானிலிருந்து சபாக் போகும் சாலையில் வயலோரப் பஸ் ஸ்டோப் அது. மோட்டார் சைக்கிளைக் கூரைக்குள் பாதி நுழைத்துவிட்டுச் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தான். அவளோ பஸ்ஸையும் மறந்து மழையையும் மறந்து கேம் ஆடிக்கொண்டிருந்தாள். திரையில் இரீனா என்ற படகுக்காரி, தொலைந்துபோன தம்பியைத் தேடி ஆற்றைக் கடக்கிறாள்.

“கடைசிக் கட்டமா? பாவம் லா இரீனா. படகு கவுந்து செத்துருவா” என்றான் லூகாஸ், வானிலை அறிக்கை வாசிப்பவனைப் போல.

அவள் நிமிர்ந்தாள். சாரல் துளி இமையில் தங்கிய பெரிய கண்கள்... அழகான கண்கள்தான். ஆனால் அப்போது அவற்றில் இருந்தது கொலைவெறி.

“அண்ணே, நான் இன்னும் முடிக்கல.”

“சோரி... நான் என்னா நெனச்சேன்னா...”

“வேல முடிஞ்சு வந்து கொஞ்சம் கொஞ்சமா ஆடிக்கிட்டு இருக்கேன். ஒங்கள யாராச்சும் கேட்டாங்களா?”

கோபமாகத்தான் தொடங்கினாள். முடிப்பதற்குள் குரல் உடைந்து கண் கலங்கிவிட்டது. லூகாஸுக்கு என்னவோ போலாயிற்று. அந்த கேமுக்கு டிஎல்சி வரப்போவது சட்டென்று நினைவுக்கு வந்தது. தரவிறக்கிப் பழைய கதையோடு சேர்த்துக்கொள்ளும் புது அத்தியாயம்... அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

“அழாதீங்க. அடுத்த மாசம் டிஎல்சி வருது. முடிவே மாறப் போவுது.”

“ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?”

“டிரெய்லர்ல படகு வருதுல்ல? அதுல ஒரு துடுப்புதான் கெடக்கு. இன்னொண்ணு எங்க? யாரோ அத நீட்டி இரீனாவ வெளிய இழுத்திருக்காங்க.”

துடுப்பைப் பற்றி அவன் அதுவரை யோசித்ததே இல்லை. வாயில் வந்ததைச் சொன்னான். அவளோ அழுகையை நிறுத்திவிட்டு டிரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள்.

“ஆமா... ஒண்ணுதான் இருக்கு.”

பஸ் வந்தது. ஏறப் போனவள் திரும்பினாள். “சபாக் பஸ் ஸ்டேசன் பக்கத்து பார்மசியில அலீசியான்னு கேளுங்க. வேற ஏதாச்சும் கண்டுபுடிச்சா வாங்க. இல்லாட்டி என் கண்ணுல படாதீங்க.”

அன்றே அவள் கேமை முடித்தாள். படகு கவிழ்ந்தது. திரை வெள்ளையாயிற்று. உருவாக்கியவர்கள் பெயரெல்லாம் ஓடி முடிந்தபின் ஒரு குட்டிக் காட்சி வந்தது... ஆற்று மணலில் ஈரக் காலடிகள், கரையேறிக் காட்டுக்குள் போகின்றன.

இரீனா சாகவே இல்லை. வெள்ளைத் திரையைப் பார்த்ததுமே அந்த ஆள் போனை அணைத்திருக்கிறான். அட மக்கு... அலீசியாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வரட்டும், நல்லா கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை, ஏசி கழுவும் ஏர்கோன் கம்பெனிச் சட்டையோடு வந்தான். இருமலே இல்லாமல் இருமல் மருந்து கேட்டான். காசை நீட்டிக்கொண்டே, “டிரெய்லர்ல கொக்கு பறக்குதுல்ல? கொக்கு எங்க நிக்கும்? தண்ணி கொறைஞ்ச எடத்துல. அப்ப ஆழமே இல்ல. அவ நடந்தே வந்திருக்கலாம்” என்றான்.

சொல்ல வாயெடுத்தாள். அந்த முகத்தில் இருந்த ஆவலைப் பார்த்தபின் முடியவில்லை.

“நெட்டுல மத்தவங்க என்னா பேசிக்கிறாங்கன்னு படிக்கிறது இல்லியா?” என்று மட்டும் கேட்டாள்.

“சே சே. அடுத்தவன் ஊகத்தப் படிச்சா நம்ம மூள துருப்புடிச்சிரும்.”

அடுத்த சனிக்கிழமை பிளாஸ்டர். அதற்கடுத்தது பல்வலி மாத்திரை. ஒவ்வொன்றோடும் ஒரு ஊகம். தம்பிதான் இரீனாவைத் தூக்கினான். இல்லை, கவிழ்ந்ததே வேறு படகு. இல்லை, முழுக்கதையும் தம்பி காணும் கனவு... இதற்குள் அவன் பெயரும் நம்பரும் அலீசியாவின் போனில் ஏறியிருந்தன. அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். கேட்கக் கேட்கப் பயம்தான் கூடியது. உண்மை தெரிந்துவிட்டால் ஏர்கோன் கழுவுகிறவனுக்குப் பார்மசியில் என்ன வேலை? அப்புறம் சனிக்கிழமை எதற்கு?

சொல்லாதது வேறு வழியில் வெளியே வந்தது. ஒரு சனிக்கிழமை கல்லாவில் இருந்த கூட வேலை செய்யும் விஷாலினி, அவன் பேச்சைக் கேட்டுவிட்டுக் குலுங்கிச் சிரித்தாள்.

“அலோ, இரீனா சாகல லா. பேரெல்லாம் ஓடி முடிஞ்சா காலடி காட்டுவாங்க. இவ அப்பவே பாத்துட்டா.”

லூகாஸின் முகம் சுண்டிப்போயிற்று.

“அப்பவே தெரியுமா?”

அலீசியா தலைகுனிந்தாள்.

“நல்லா கோமாளியாக்கிட்டீங்க.” வாங்கிய மாத்திரையைக்கூட எடுக்காமல் போய்விட்டான்.

அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. டிஎல்சி வந்தது. ஊரே ஆடியது. அலீசியாவுக்கு மட்டும் தொடவே மனம் வரவில்லை. இரீனா எங்கே போனால் என்ன, இவன் எங்கே போய்த் தொலைந்தான் என்றுதான் இருந்தது. கடைசியில் வெட்கத்தை விட்டு, அவன் சட்டையில் பார்த்திருந்த கம்பெனிப் பேரைத் தேடி முதலாளிக்கே போன் அடித்து, அவன் வேலை செய்யும் இடத்தைக் கேட்டாள்.

சுங்கை ஆயர் தாவாரில் ஒரு காப்பிக்கடை. லூகாஸ் ஏணிமேல் நின்று ஏர்கோனைக் கழுவிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் திரும்பிக்கொண்டான். அழுக்குத் தண்ணீர் அவள் தோளில் சொட்டியது. அவள் நகரவில்லை.

“இன்னும் சிரிக்கணுமா?” என்றான் சுவரைப் பார்த்தபடி.

“சிரிச்சேன். இல்லன்னு சொல்லல. ஆனா அவ கரையேறி எங்க போனான்னுதான் எல்லாரும் பேசிக்கிட்டு இருந்தாங்க. நீங்க ஒருத்தர்தான் அவ செத்துட்டான்னு நம்பிக்கிட்டு, எப்புடியாச்சும் காப்பாத்தப் பாத்தீங்க. நான் அழுதேன்னு. எனக்காக யாரும் அப்புடி மெனக்கெட்டது இல்ல.”

பிரஷ் நின்றது.

“சொல்லிட்டா நீங்க வரமாட்டீங்கன்னு பயந்தேன்... தப்புதான். எனக்கு ஒங்கள புடிச்சிருக்கு, லூகாஸ்.”

அவன் மெல்ல இறங்கி வந்தான். கழுத்திலிருந்த துண்டை எடுத்து நீட்டினான். அவள் தோளைத் துடைத்து முடித்ததும் கேட்டான்.

“டிஎல்சி ஆடிட்டீங்களா? இரீனா எங்கதான் போனாளாம்?”

“தெரியாது. ஒங்க கூட ஒக்காந்து பாக்கணும்னு தொடவே இல்ல.”

“நானும்தான் ஆடல.” அவன் காது சிவந்தது. “உண்மையச் சொல்லவா... அந்தப் பொண்ணு பொழைச்சா என்ன, போனா என்ன, எனக்கு ஒண்ணும் இல்ல. நான் ஒங்களப் பாக்கத்தான் வந்தேன்.”