வெதுவெதுப்பான தண்ணீர்

குழாயைத் திறந்த மெஹ்ஜபீன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். மார்கழிக் காலையில் விரலை விறைக்க வைக்க வேண்டிய தண்ணீர், யாரோ வாயில் அடக்கி வைத்திருந்து துப்பியது போல வெதுவெதுவென்று இருந்தது.

"கம்பெனித் தண்ணி அப்படித்தான் இருக்கும்," என்றான் அவள் கணவன் உபைத், கடைக்குக் கிளம்பிக்கொண்டே. "சுத்தம் பண்ணித்தான் விடறாங்களாம்."

நல்லம்பள்ளிக்கு வெளியே சன்னலே இல்லாத ஒரு கம்பெனிக் கட்டடம் எழும்பியிருந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லும் கம்ப்யூட்டர்கள் உள்ளே அடுக்கடுக்காக இருக்கின்றனவாம். அவை சூடேறாமலிருக்க ராப்பகலாகத் தண்ணீர் ஓட வேண்டுமாம். அது வந்தபின் தெருவில் ஒரு போர்வெல்லிலும் தண்ணீர் ஏறவில்லை. ஊர் சத்தம் போட்டதும், கட்டடம் குடித்து மிச்சம் வைத்ததையே குழாய் போட்டு வீடுகளுக்குத் திருப்பிவிட்டார்கள்.

தொழுகைக்குமுன் அதில் கைகால் கழுவி ஒளு செய்தால் விரலிடுக்கெல்லாம் வழவழத்தது. சோறு வடித்தால் அழுக்குத் தலைமுடியின் வாடை அடித்தது. டம்ளரின் அடியில் பாலாடை போலப் படிந்ததைச் சுரண்டினால் நகத்துக்குள் புகுந்துகொண்டது; எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. மெஹ்ஜபீன் அதை வாயிலேயே வைக்கவில்லை. ஆறு வயது மகள் அன்ஜும் மட்டும் குழாயில் வாயை வைத்தே குடித்தாள்.

"இனிக்குது அம்மி."

மத்தியானம் குழாய் அடைத்துக்கொண்டது. சொட்டுச் சொட்டாய் வந்ததை அன்ஜும் உறிஞ்சிக்கொண்டிருக்க, மெஹ்ஜபீன் மாடிக்கு ஏறித் தொட்டியின் மூடியைத் திறந்தாள்.

வாடை முகத்தில் அறைந்தது. தண்ணீரே தெரியவில்லை. உரித்த தோல் போல வெளுத்த ஏடு ஒன்று தொட்டி முழுக்க மடிந்து மடிந்து கிடந்தது. ஒரு முனை கம்பெனிக் குழாய்க்குள் போயிருந்தது, மறுமுனை வீட்டுக்குள் இறங்கும் குழாய்க்குள். தூரத்தில் கட்டடத்தின் உறுமல் ஏறி இறங்க, ஏடும் கூடவே ஏறி இறங்கியது.

கையை உள்ளே விட்டாள். சூடு. மாட்டு நாக்கின் சொரசொரப்பு. வீட்டுக் குழாய்ப் பக்கமிருந்து இழுத்தாள்.

கீழே அன்ஜும் இருமினாள்.

மறுபடி இழுத்தாள்.

மறுபடி இருமல். தொண்டையில் ஏதோ சிக்கிய இருமல்.

கையை நிறுத்தினாள். "அன்ஜும்? வாயை எடு கண்ணு. குழாயிலேர்ந்து வாயை எடு."

கையிலிருந்தது விறைத்தது. அவள் இழுக்கவில்லை. அதுவே நகர்ந்தது. கம்பெனிக் குழாய்க்குள். மெல்ல. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். வழுக்கியது.

கீழே, சிமெண்ட் தரையில், சின்னக் குதிகால்கள் தேய்ந்து தேய்ந்து குழாயை நோக்கி இழுபடும் சத்தம்.