சம்பந்தியம்மாள் எதுவும் கேட்கவில்லை

செவ்வாய்க் கிரகத்தின் நாலாம் குமிழ் நகரில் பெண் பார்க்க வருகிறவர்கள் பூ, பழத்தோடு ஒரு சாட்சிப் பொறியையும் கூட்டி வருவார்கள். பேசுவதையெல்லாம் அது பத்திரமாகப் பதிவு செய்யும். பதிந்தது சட்டப்படி செல்லும்.

முன்பு யாரோ ஒரு புண்ணியவான், புழுக்கம் தாங்காமல், "ரொம்ப நல்லாருக்கு, மிச்சக் காத்தையும் வெளியே விட்டுடு" என்று வீட்டு ரோபோவிடம் சீற, அது விட்டுவிட்டது. அன்று பிறந்தது சட்டம். மனதில் ஒன்று வைத்து நேரெதிராகப் பேசினால், ஐந்து விநாடிக்குள் 'நகைமுரணாக' என்று சேர்த்தாக வேண்டும். சேர்க்காவிட்டால், சொன்னது சொன்னதுதான்.

இன்று அறவாழியின் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். இந்த மூன்று அறைக் குமிழ் வீடுதான் அவருடைய ஒரே சொத்து. பொற்கொடிக்கு வரதட்சணையாக அதைக் கேட்டுவிடுவார்களோ?

"நகைமுரணாக, நானும் உங்களை மாதிரியே வியாழக்கிழமை பிறந்தவன்!" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"தவறு. அது தற்செயல்" என்றது பொறி.

"உங்களுக்கு எதுக்கு இந்தப் பெரிய வார்த்தையெல்லாம்? பேசாம இருங்க" என்று அவரை அடக்கிவிட்டு, மாப்பிள்ளையின் அம்மா பங்கஜவல்லி தொண்டையைச் செருமினாள். "பொண்ணைப் பிடிச்சிருக்கு. நாங்க எதுவும் எதிர்பார்க்கலை."

"ஒன்று... இரண்டு..." பொறி எண்ணியது.

பங்கஜவல்லியின் உதடு துடித்தது. அந்த ஒற்றை வார்த்தையைச் சொன்னால் வரதட்சணை கேட்டதாக ஆகிவிடும். தண்டனை, அடுத்த கப்பலில் பூமிக்கு.

"...ஐந்து. எதிர்பார்ப்பு, பூஜ்யம். பதிவாயிற்று."

அறவாழிக்கு உயிர் திரும்பி வந்தது. வீடு தப்பியது! சந்தோஷத்தில் இரண்டு கைகளையும் விரித்தார்.

"சம்பந்தியம்மா, இன்னும் என்ன கூச்சம்? இனிமே இது உங்க வீடு!"

"ஒன்று..."

அறவாழியின் கைகள் விரித்தபடியே நின்றன.

"இரண்டு..."

"அப்பா, சொல்லுங்கப்பா!" என்று பொற்கொடி பல்லைக் கடித்தாள்.

எப்படிச் சொல்வது? வாசல் தேடி வந்தவர்களின் முகத்துக்கு நேரே, 'இது உங்க வீடு, நகைமுரணாக' என்றா? மரியாதை என்று ஒன்று இருக்கிறதே!

"சும்மா ஒரு பேச்சுக்கு..." என்று இழுத்தார்.

"அது சட்டத்தில் இல்லை. நான்கு... ஐந்து. பதிவாயிற்று."

பங்கஜவல்லி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். முகமெல்லாம் மலர்ச்சி.

"நின்னுக்கிட்டே இருக்கீங்களே சம்பந்தி, உட்காருங்க. நம்ம வீட்டுக்கு வந்துட்டு ஒரு வாய் காபி சாப்பிடாமப் போனா எப்படி?"